தோற்ற ஆட்டத்தில் பிழை எங்கே? சதுரங்கக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

“சேர், இந்த ஓப்பனிங் எனக்குச் சரிவரேல்லை. வேற ஒண்டு சொல்லித் தாங்கோ.”

கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை. வலயமட்டப் போட்டி முடிந்த கிழமை என்றால் ஒரே பின்னேரத்தில் நாலைந்து பேர் வந்து சொல்வார்கள். நகர்வுகளை எழுதிய கொப்பியை வாங்கி ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தால் ஓப்பனிங் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். பிழை பதினாறாம் நகர்விலோ இருபத்துமூன்றாம் நகர்விலோ கிடக்கும். ஓப்பனிங்கை மாற்றினால் அதே பிழை புது ஓப்பனிங்கிலும் வரும். பழையதில் படித்ததும் வீணாகும்.

அதனால் கீழே உள்ளதை ஓப்பனிங் பெயரை வைத்துப் பிரிக்கவில்லை, ஆட்டம் எப்படிக் கெட்டது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் இலகுவான காரணம் முதலில் வரும். நேரமும் காசும் பிடிக்கிற காரணம் கடைசியில் வரும்.

காய்களின் பெயர் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். நான் ராஜா, ராணி, ரூக், பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். ரூக்கைக் கோட்டை என்று சொன்னால், ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்வில் மாற்றி வைக்கும் கோட்டை கட்டுவதோடு (காஸ்லிங்) குழம்பும்.

## தொடங்க முன்: கொப்பி சரியா?

கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்கள் வேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது இருந்த ஆட்டங்களாக இருக்கட்டும். மூன்று நிமிட ஆட்டங்கள் இதற்கு உதவாது. அங்கே பிழைக்குக் காரணம் மணிக்கூடுதான். ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பலகை, ஒரு போன் காணும். லிச்செஸ் சதுரங்கச் செயலியும் அதில் ஆட்டத்தை ஆராயும் ஸ்டாக்ஃபிஷ் நிரலும் இலவசம். கீழே ‘கணினி’ என்று சொல்வது இந்த நிரலைத்தான்.

முதலில் எழுதியது சரியா என்று பாருங்கள். கறுப்புக் காயோடு ஆடும் சின்னப் பிள்ளைகள் பலகையைத் தங்கள் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிவிடுவார்கள். ஈ5க்கு (வெள்ளையின் பக்கமிருந்து எண்ணினால் ஈ நிரலில் ஐந்தாம் கட்டம்) போன சிப்பாய் கொப்பியில் டி4 என்று இருக்கும். இப்படி எழுதிய ஆட்டத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் ஒன்றும் விளங்காது. பலகை வைத்த விதத்தையும் பாருங்கள்: உங்கள் வலக்கைப் பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது முக்கியமானது. கணினியைத் திறக்காமல் உங்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் மூன்று நாலு சொல்லில் காரணம் எழுதுங்கள். “குதிரையைக் காப்பாற்ற”, “டி4 தள்ள”, “ராஜாவை ஒதுக்க”. எழுத ஒன்றும் வராத நகர்வைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காரணத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து எழுத வேண்டாம். ஆடியபோது என்ன நினைத்தீர்களோ அதைத்தான் எழுத வேண்டும். பத்து ஆட்டத்துக்கும் எழுதி முடித்த பிறகு கணினியைத் திறந்து, அது காட்டும் நிலை மதிப்பு (ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு சிப்பாய்) இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்த இடங்களில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுங்கள்.

வட்டமும் சிவப்புக் கோடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பெரும்பாலான கொப்பிகளில் பார்ப்பீர்கள். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. கணினியை முதலில் பார்த்துவிட்டால் அதன் நகர்வு உங்களுடைய எண்ணம்போலவே தோன்றும். பிறகு நீங்கள் எங்கே யோசிக்காமல் விட்டீர்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

## அறிகுறி 1: பத்து நகர்வுக்குள்ளேயே ஆட்டம் கெட்டுவிடுகிறது

முதலில் எண்ணிப் பாருங்கள். பத்தாம் நகர்வில் குதிரையும் பிஷப்புமாக எத்தனை காய் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கின்றன? கோட்டை கட்டியாயிற்றா? ஒரே காய் இரண்டு தரத்துக்கு மேல் நகர்ந்திருக்கிறதா? மூன்று காயாவது வெளியே வராமலும் ராஜா நடுவிலேயே நின்றும் தோற்றிருந்தால், அதற்குமேல் காரணம் தேட வேண்டாம். அடுத்த பத்து ஆட்டத்தில் இதை மட்டும் திருத்துங்கள்.

அது சரியாக இருந்தால், தெரிந்த பொறியா என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழுவது நாலே நாலு பொறியில்தான்.

எஃப்7ஐக் குறிவைத்து ராணியும் பிஷப்பும் வருவது முதலாவது. வெள்ளை ஈ4, பிஷப் சி4, ராணி எச்5 என்று வரும்போது பிள்ளை ராணியை விரட்டும் அவசரத்தில் குதிரையை எஃப்6இல் வைத்துவிடும். உடனே எஃப்7இல் செக்மேட். ஈ5 சிப்பாயைச் சி6 குதிரை காக்கிறது என்றால் ஜி6 தள்ளுங்கள். ராணி எஃப்3க்குப் போகும். அப்போது குதிரையை எஃப்6இல் வையுங்கள். அதன் பிறகு வெள்ளை ராணிதான் ஓட வேண்டியிருக்கும்.

இரண்டாவது இரு குதிரை ஆட்டத்தில் வருவது. ஈ4 ஈ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6, குதிரை ஜி5. இதற்கு டி5 தள்ளுவது சரி. வெள்ளைச் சிப்பாய் டி5ஐ வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டுகிறார்களே, அங்கேதான் பிழை. வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாயும், ராஜா வெளியே இழுபடும், எஃப்3இலிருந்து ராணி செக் வைக்கும். டி5 குதிரையைக் கைவிடாமல் இருக்க ராஜா ஈ6க்குப் போய் நடுவெளியில் நிற்க வேண்டிவரும். அதை விட்டுக் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய்ப் பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் குறையும், ஆனால் உங்கள் காய்கள் கெதியாக வெளியே வரும். இந்த நிலையே பிடிக்காது என்றால், மூன்றாம் நகர்வில் எஃப்6 குதிரைக்குப் பதில் பிஷப்பைச் சி5இல் வைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

மூன்றாவது பெட்ரோஃப் ஆட்டத்தில். ஈ4 ஈ5, குதிரை எஃப்3 குதிரை எஃப்6. வெள்ளை ஈ5 சிப்பாயை வெட்டியதும் நீங்களும் உடனே ஈ4ஐ வெட்டினால், ராணி ஈ2க்கு வரும். குதிரையைப் பின்னுக்கு எடுத்தீர்களோ, வெள்ளைக் குதிரை சி6இல் குதிக்கும். குதிரை விலகியதும் பின்னால் நின்ற ராணியின் செக் திறக்கும், உங்கள் ராணி போய்விடும். முதலில் டி6 தள்ளிக் குதிரையைத் துரத்துங்கள், பிறகு ஈ4ஐ வெட்டுங்கள்.

நாலாவது காரோ-கானில். ஈ4 சி6, டி4 டி5, குதிரை சி3, டி5 சிப்பாய் ஈ4ஐ வெட்ட, குதிரை வெட்டும்; நீங்கள் குதிரையை டி7இல் வைக்கிறீர்கள்; வெள்ளை ராணி ஈ2க்கு வருகிறது. பார்க்க மோட்டு நகர்வுபோல இருக்கும். ஜி8 குதிரையை எஃப்6இல் வைத்தால் வெள்ளைக் குதிரை டி6இல் இறங்கிச் செக்மேட். ஈ7 சிப்பாயால் வெட்ட ஏலாது, பின்னால் ராஜா நிற்கிறது. ஈ6 தள்ளியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த நாலையும் பலகையில் கையால் ஐந்து தரம் ஆடிப் பாருங்கள். வீடியோ பார்ப்பது காணாது.

மூன்றாவது காரணம், நீங்கள் ஆடும் வரிசை உங்களுக்கு அளவுக்கு மீறிக் கூர்மையானது. சிசிலியன் ஓப்பனிங்கில் நைடோர்ஃப் என்ற வரிசை ஆடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நகர்வு மறந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்கு என்ன செய்வது என்பதைக் கீழே ‘ஓப்பனிங்கை மெய்யாகவே மாற்ற வேண்டிய நேரம்’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி 2: ஓப்பனிங் வடிவாக வருகிறது, பன்னிரண்டாம் நகர்வில் என்ன செய்வதென்று தெரியவில்லை

அதிகம் பேருக்கு இருக்கும் கோளாறு இதுதான். “ஓப்பனிங் சரிவரேல்லை” என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் வருத்தம்.

தரம் 9 படிக்கும் பிள்ளை ஒருவர் இத்தாலியன் ஓப்பனிங் (ஈ4, குதிரை எஃப்3, பிஷப் சி4) ஆடுவார். சி3, டி3, கோட்டை, ரூக் ஈ1. ஏழு நகர்வும் ஒரு பிசகில்லாமல் வரும். பிறகு எச்3, ஏ3, ராஜா எச்1, ராஜா ஜி1. கொப்பியில் பத்தாம் நகர்விலிருந்து வரிசையாக வட்டங்கள்.

“ரூக்கை ஏன் ஈ1க்குக் கொண்டு போனீர்?”

“வீடியோவில அப்பிடித்தான், சேர்.”

பலகையை அவர் பக்கம் திருப்பி, பி1இல் நிற்கும் குதிரையை மட்டும் கையில் எடுக்கச் சொன்னேன். ராஜாவின் பக்கம் தாக்குதலுக்கு இந்தக் குதிரை வேண்டும். எந்த வழியால் கொண்டு வருவீர்? டி2க்கு வைத்தார். அங்கிருந்து ஜி3க்குப் போக எஃப்1 கட்டம் வேண்டும். எஃப்1இல் ரூக் நின்றால் வழி அடைப்பு. “ஓ, அதுக்குத்தானா!” என்றார். டி2, எஃப்1, ஜி3 என்று குதிரையை நடத்தி, அங்கிருந்து எஃப்5ஐப் பார்க்க வைத்தார். ரூக் ஈ1இல் இருப்பதால் ஈ4 சிப்பாய்க்குப் பின்பலம் இருக்கிறது, பிறகு டி4 தள்ளலாம் என்பதையும் தானே சொன்னார். அதே ஓப்பனிங்தான். அடுத்த சனிக்கிழமைக் கொப்பியில் வட்டங்கள் பதினேழாம் நகர்வுக்குத் தள்ளிப்போயிருந்தன.

உங்களுக்கும் இதே வருத்தம் என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

வேலையில்லாத காய் எது? பன்னிரண்டாம் நகர்வு நிலையைப் பலகையில் வைத்து, உங்கள் காய்களில் ஒன்றும் செய்யாமல் நிற்பது எது என்று கேளுங்கள். அதற்கு நல்ல கட்டம் ஒன்றைத் தெரிவு செய்து, எத்தனை நகர்வில் போகலாம் என்று எண்ணுங்கள். வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் இதைச் செய்தால் போதும், ராஜாவை எச்1க்கும் ஜி1க்கும் நடத்துவதை விட நூறு மடங்கு நல்லது.

எந்தச் சிப்பாயைத் தள்ளப் போகிறீர்கள்? ஒவ்வொரு ஓப்பனிங்கிலும் பலகையைத் திறக்கும் சிப்பாய் ஒன்று இருக்கிறது. இத்தாலியனில் வெள்ளைக்கு டி4. பிரெஞ்சிலும் காரோ-கானிலும் வெள்ளை ஈ5 தள்ளி மூடினால் கறுப்புக்குச் சி5. நீங்கள் ஆடும் ஒவ்வொரு ஓப்பனிங்குக்கும் கொப்பியை மூடிவிட்டு ஒரே வசனத்தில் சொல்லிப் பாருங்கள்: “நான் இந்தச் சிப்பாயை இந்தக் கட்டத்துக்குத் தள்ள வேலை செய்கிறேன்.” சொல்ல வரவில்லை என்றால் அந்த ஓப்பனிங்கில் நீங்கள் நகர்வுகளைப் பாடமாக்கியிருக்கிறீர்கள், படிக்கவில்லை.

எதிரி என்ன செய்கிறார் என்று பார்த்தீர்களா? லண்டன் ஓப்பனிங் ஆடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டி4, பிஷப் எஃப்4, ஈ3, சி3 என்று யார் என்ன ஆடினாலும் ஒரே வரிசையில் அடுக்குவார்கள். கறுப்பு சி5 தள்ளி, ராணியைப் பி6க்குக் கொண்டு வந்திருக்கும். அதைப் பார்க்காமல் பழக்கத்தில் பிஷப்பை டி3இல் வைத்தால் பி2 சிப்பாய் போகும், சி3யும் ஆட்டங்காணும். ராணியைப் பி3க்குக் கொண்டு போய் எதிர்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. லண்டன் நல்ல ஆட்டம்தான். எதிரியின் பக்கத்தைப் பார்க்காமல் ஆடலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பதுதான் கெடுதல்.

இவ்வளவுக்கும் பிறகும் வழி தெரியவில்லை என்றால் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். லிச்செஸின் ஓப்பனிங் தேடலில் உங்கள் நிலையை வைத்து, மாஸ்டர்கள் ஆடிய மூன்று ஆட்டங்களை எடுங்கள். பத்தாம் நகர்விலிருந்து இருபத்தைந்தாம் நகர்வு வரை, அடுத்த நகர்வைப் பார்க்க முன் நீங்கள் ஊகித்து எழுதுங்கள். மூன்று ஆட்டத்துக்கு இரண்டு பின்னேரம் பிடிக்கும். நூறு ஆட்டத்தை வேகமாகத் தட்டிப் பார்ப்பதில் ஒன்றும் மனதில் நிற்காது. அதே தேடலில் உங்கள் பெயரைக் கொடுத்தால் நீங்கள் ஆடிய ஆட்டங்களும் வரும். எந்த நகர்வில் அடிக்கடி தோற்கிறீர்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

## அறிகுறி 3: நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரே நகர்வில் காய் போய்விடுகிறது

பத்து ஆட்டத்திலும் காய் போன இடங்களை எல்லாம் எடுத்து, அது எந்த வகை என்று எழுதுங்கள். நான் பார்த்த கொப்பிகளில் நாலு வகைக்குள் அடங்கிவிடும்.

எதிரியின் கடைசி நகர்வு என்ன செய்தது என்று பார்க்காமல் விட்டது முதல் வகை. உங்கள் திட்டத்திலேயே மனம் இருக்கும். மருந்து ஒன்றுதான்: எதிரி மணிக்கூட்டை அமத்தியதும் உங்கள் காயைப் பார்க்க முன் அவருடைய செக், அவருடைய வெட்டு, அவருடைய மிரட்டல், மூன்றையும் மனதுக்குள் பெயர் சொல்லிப் பாருங்கள். ஐந்து விநாடி வேலை.

நகர்த்திய காய் வேறொன்றைக் காத்துக்கொண்டிருந்தது இரண்டாவது வகை. காயைத் தொட முன் “இது இங்கே நின்று என்ன வேலை செய்தது?” என்று கேளுங்கள். கடைசி வரிசையைக் காத்த ரூக்கைத் தூக்கிக்கொண்டு தாக்கப் போய் அங்கேயே செக்மேட் வாங்குவதும் இந்த வகைதான். அடிக்கடி அப்படி நடந்தால், ஆபத்தில்லாத ஒரு நேரம் பார்த்து எச்3 தள்ளி ராஜாவுக்கு ஒரு சாளரம் திறந்து விடுங்கள்.

மூன்றாவது, வெட்டியதை யோசிக்காமல் திருப்பி வெட்டுவது. திருப்பி வெட்டாமல் இடையில் ஒரு செக் வைக்கலாமா, எந்தக் காயால் வெட்டுவது என்று பார்க்க அரை நிமிடம் எடுங்கள்.

நாலாவது, கை கண்ணை முந்துவது. இதற்கு யோசனை சொல்லிப் பயனில்லை, கையைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு யோசிக்கப் பழகுங்கள். நகர்வை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஆடு என்று எங்கள் காலத்தில் சொல்லித் தந்தார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிப்படி நகர்வை முன்கூட்டி எழுதக்கூடாது, நடுவர் எச்சரிப்பார். பிள்ளைகளுக்கு அதைப் பழக்க வேண்டாம்.

நாலு வகையும் கலந்து வந்து, அதுவும் மூன்றாம் நாலாம் சுற்றுக்குப் பிறகே வருகிறது என்றால் பலகையை விட்டு வேறு பக்கம் பாருங்கள். விடிய ஆறு மணிக்கு வடமராட்சியிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளை, மத்தியானம் ஒரு பனிஸோடு ஐந்தாம் சுற்று ஆடினால் எந்த ஓப்பனிங்கும் காப்பாற்றாது. சோறும் தண்ணீரும் கட்டிக்கொடுங்கள். சுற்றுகளுக்கு இடையில் போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: நேரம் போய்த் தோற்கிறேன்

எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஐந்து நகர்வுக்கு ஒரு தரம் மணிக்கூட்டில் மிஞ்சியிருப்பதை நகர்வுத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். நேரத்தை எழுதுவதை விதி அனுமதிக்கிறது.

முதல் எட்டு நகர்வில் நேரம் போனால், தெரிந்ததை நம்பாமல் திரும்பத் திரும்ப எண்ணுகிறீர்கள். அதற்கு வரிசையை ஆறுதலாக இன்னும் சில தரம் கையால் ஆடினால் சரியாகும். நடுவில் ஒரே நகர்வுக்கு ஐந்து ஆறு நிமிடம் போனால், அந்த இடம் அனேகமாக அறிகுறி 2இன் வட்டம்தான், அங்கே போங்கள். இரண்டு நல்ல நகர்வுகளுக்கு இடையில் ஊசலாடுவதில் போனால், இரண்டையும் ஒவ்வொரு தரம் வடிவாகப் பார்த்து, ஆபத்துக் குறைந்ததை ஆடிவிடுங்கள். பெரும்பாலும் கணினி இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான் கொடுக்கும், வீட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

## அறிகுறி 5: வெல்ல வேண்டிய ஆட்டம் சமநிலையாகிறது, அல்லது கைமாறுகிறது

ராணியோடு நின்று சமநிலை. எதிரி ராஜாவுக்கு நகர இடமில்லாமல், செக்கும் இல்லாமல் ஆக்கிவிடுவது. ராணியும் ராஜாவும் எதிர் தனி ராஜா, ரூக்கும் ராஜாவும் எதிர் தனி ராஜா, இரண்டையும் நாளுக்கு ஐந்து தரம், ஒரு கிழமைக்கு ஆடினால் இந்தக் கோளாறு நிரந்தரமாகப் போய்விடும். லிச்செஸின் பயிற்சிப் பகுதியில் இரண்டும் இருக்கின்றன.

காய்களை மாற்றிய பிறகு தோற்பது. “கூடக் காய் இருந்தால் மாற்று” என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, கடைசிக் காயை மாற்ற முன் மிஞ்சும் ராஜா-சிப்பாய் ஆட்டத்தை எண்ணி முடிக்க வேண்டும் என்பது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியின் பதினாலாவது ஆட்டத்தில், ஆளுக்கொரு ரூக்கும் ஒரு பிஷப்பும் வைத்துக்கொண்டு சமநிலையை நோக்கிப் போன டிங் லிரென், 55ஆம் நகர்வில் ரூக்கை எஃப்2இல் வைத்தார். கறுப்புக் காயோடு ஆடிய குகேஷ் ரூக்கை மாற்றி, பிஷப்பையும் டி5இல் கட்டாயமாக மாற்ற வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. 58ஆம் நகர்வில் டிங் கைகொடுத்தார், 18 வயதுக் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். இந்தக் கடைசி நாலு நகர்வையும் நான் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் பலகையில் வைத்துக் காட்டுவேன். மாற்றம் செய்கிற நகர்வுதான் திருப்பி எடுக்க முடியாத நகர்வு.

ராஜா-சிப்பாய் ஆட்டமே தெரியாது என்றால் மூன்று விடயம் படியுங்கள்: ராஜாவுக்கு எதிரே ராஜாவை நிறுத்துவது, ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நடத்துவது, ஓடும் சிப்பாயைப் பிடிக்கலாமா என்று சதுரம் போட்டுப் பார்ப்பது. ஓரச் சிப்பாய் மட்டும் இருந்து எதிரி ராஜா மூலையில் நின்றால் வெல்ல ஏலாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரூக் ஆட்டங்கள் கடைசி. லூசெனா, ஃபிலிடோர் என்ற இரண்டு நிலைகளையும் வென்றும் காத்தும் ஆடத் தெரிந்தால் பாடசாலை மட்டத்துக்குப் போதும்.

## அறிகுறி 6: புதிரில் நல்ல புள்ளி, ஆட்டத்தில் ஒன்றும் கண்ணில் படுவதில்லை

புதிர் என்றாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் கொப்பியில் சிவப்புக் கோடு விழுந்த இடங்களை, ஒரு நகர்வு முன்னால் இருந்து, தாளில் வரைந்து வைத்து ஒரு மாதத்துக்குப் பிறகு திரும்பத் தீருங்கள். சொந்தப் பிழையில் செய்த புதிருக்கு ஈடில்லை. புதிரில் முதல் நகர்வைத் தட்டிப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: போனில் வெல்கிறேன், போட்டி மேசையில் தோற்கிறேன்

முதல் காரணம் கண். திரையில் தட்டையாகப் பார்த்துப் பழகியவருக்கு மரப் பலகையில் தூரத்து மூலையிலிருந்து வரும் பிஷப் தெரியாது. போட்டிக்கு இரண்டு கிழமை முன்பிருந்து எல்லாவற்றையும் பலகையில் வைத்துச் செய்யுங்கள், புதிர் உட்பட.

இரண்டாவது விதி. போனில் தடுமாறாத இடங்கள் மேசையில் தடுமாறும். தொட்ட காயை நகர்த்த வேண்டும். கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். ரூக்கைத் தொட்டுவிட்டுப் பிறகு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்வில் கோட்டை கட்ட முடியாது. விதிமீறிய நகர்வை ஆடிவிட்டு மணிக்கூட்டை அமத்தினால் முதல் தரம் எதிரிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாம் தரம் பொதுவாக ஆட்டமே போகும்.

மூன்றாவது எதிர்பார்ப்பு. இணையத்துப் புள்ளியும் ஃபிடே தரப்புள்ளியும் ஒன்றல்ல. 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே தரப்புள்ளியே 1400இல்தான் தொடங்குகிறது. போனில் 1400 என்றால் அங்கேயும் அதே இடம் என்று நினைத்துப் போய் மனம் உடைய வேண்டாம்.

## ஓப்பனிங்கை மெய்யாகவே மாற்ற வேண்டிய நேரம்

மேலே உள்ளதெல்லாம் பார்த்தாயிற்று. இருபது ஆட்டத்துக்கு மேல் ஒரே ஓப்பனிங்கில் சிவப்புக் கோடு பன்னிரண்டாம் நகர்வுக்குள்ளேயே விழுகிறது, அதுவும் ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில். ஒரே இடத்தில் விழுந்தால் அந்த ஒரு இடத்தைத் திருத்தினால் போதும், மாற்றத் தேவையில்லை. வேறு வேறு இடத்தில் விழுந்தால்தான் அந்த ஓப்பனிங் உங்களிடம் கேட்கும் நேரம் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் நைடோர்ஃப் படிக்க நேரமில்லாமல் இருப்பது குற்றமில்லை.

மாற்றினால் வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் ஈ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று. அவ்வளவுதான். வெள்ளைக்கு இத்தாலியன், ஈ4க்குக் காரோ-கான் அல்லது நேரே ஈ5, டி4க்கு டி5. இவை எதுவும் ஒரு பொறியை நம்பி நிற்பவை அல்ல. ஆறு மாதத்துக்கு மாற்றாமல் ஆடுங்கள். போட்டிக்கு முதல் கிழமையில் எதையும் மாற்றக்கூடாது.

## பயிற்றுநரிடம் போக வேண்டிய இடம்

காசு செலவழிக்க வேண்டிய அறிகுறிகள் என்று நான் நினைப்பவை இவை. மூன்று மாதம் ஒழுங்காகக் கொப்பி எழுதியும் வட்டங்கள் குறையவில்லை. அல்லது வட்டமே இல்லை, எல்லா நகர்வுக்கும் காரணம் இருக்கிறது, ஆனாலும் சிவப்புக் கோடு விழுகிறது. அப்படியென்றால் காரணங்களே பிழை, அதை உங்களால் தனியே பார்க்க முடியாது. அல்லது கணினி ஒரு நகர்வைச் சரி என்கிறது, அரை மணித்தியாலம் மினக்கெட்டும் ஏன் என்று விளங்கவில்லை, இது ஆட்டத்துக்கு ஆட்டம் நடக்கிறது. கணினி ஏன் என்று சொல்லாது, மனிதர்தான் சொல்ல வேண்டும்.

தோற்ற பிறகு பிள்ளை பலகையைத் தொடவே பயப்படுகிறது, போட்டிக்கு முதல் நாள் நித்திரை இல்லை என்றால் பயிற்றுநரைத் தேட வேண்டாம். ஒரு மாதம் போட்டியை நிறுத்துங்கள், வீட்டில் மாமாவோடோ அண்ணாவோடோ சும்மா ஆடட்டும்.

பயிற்றுநரிடம் போகும்போது பத்து ஆட்டமும் வட்டமும் கோடும் இருக்கும் அந்தக் கொப்பியையே கொண்டு போங்கள். முதல் வகுப்பில் அவர் கொப்பியைத் திறந்து, ஒரு வட்டத்தில் விரலை வைத்து, “இந்த இடத்தில என்ன நினைச்சனீர்?” என்று பிள்ளையைக் கேட்டால் அவரிடமே விடுங்கள். கொப்பியைப் பார்க்காமல் புது ஓப்பனிங் ஒன்றைப் பலகையில் அடுக்கத் தொடங்கினால் அந்த மாதக் காசோடு நிறுத்திவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள்.